வௌவால் பேசுவது யாருக்குக் கேட்கும்

பேச்சி பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டு சன்னலைப் பார்க்கிறாள். நான் பேச்சியைப் பார்க்கிறேன். நஸ்ரின் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, யார் முதலில் வாயைத் திறக்கப் போகிறோம் என்று காத்திருக்கிறாள். நான் திறக்கக் கூடாது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவளுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது பேசாமல் இருக்கத்தான், இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார், வீட்டில் அந்தத் திறமையைக் காணோமே டெய்சி என்பார். பிள்ளை ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போது நாம் எடுத்துக் கொடுத்துவிட்டால் அது நம்முடைய சொல்லாகிப் போகும், அவள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு உடனே மறந்துபோவாள். அதனால் உதட்டை மூடிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், புருவத்தைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். மாடியில் இருக்கிற எங்கள் பயிற்சி மையத்துக்குக் கீழே பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போகிற பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நிற்கிறது. அது நன்றாகக் கேட்கிறது. பஸ், ஆட்டோ, கீழ்த்தளத்துக் கண்ணாடிக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இழுத்துவிடுவது, எல்லாம் நன்றாகவே கேட்கிறது. அதை ஏன் இப்போது எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளையைக் கவனி டெய்சி. அவள் முன்னால் இருக்கிற தாளின் உச்சியில் அவளே எழுதிய ஒரு வரி இருக்கிறது, எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, பஸ்ஸில் நெருக்கியடித்து நிற்கிற மாதிரி: வௌவால் பேசுவது யாருக்குக் கேட்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. போன வருஷம் நாம் ஒரு கேள்வி கேட்டாலே மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டவள். இன்றைக்கு அவளே ஒரு கேள்வியை உண்டாக்கி, அதற்குப் பதில் தேடித் தெருவெல்லாம் விசாரித்து வந்திருக்கிறாள். இனி அதை எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் சொல் கிடைக்க வேண்டும். தேடு கண்ணு, நான் இருக்கிறேன், அவசரமில்லை.

பேச்சியம்மாள் என்பது அவள் அப்பா வழிக் குலசாமியின் பேர். வயது ஏறியும் பிள்ளைக்குப் பேச்சு வராதபோது சொந்தக்காரர்கள் அந்தப் பேரை வைத்தே அவள் அம்மா மாரிக்கனியைக் குத்தினார்களாம், பேச்சிக்குப் பேச்சு வரலையாமே என்று. மாரிக்கனி இதை முதல் நாள் என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அன்றைக்குப் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு பேரென்ன என்று கேட்டேன். பேத்தி, என்றாள். யாரு பேத்தி, என்றேன் விளையாட்டாக. அவள் தன் நெஞ்சில் கையை வைத்து, நான் என்னவோ மந்தமான ஆள் என்பதுபோல நிதானமாக மறுபடியும் பேத்தி என்றாள். அந்த இடத்திலேயே நான் அவளிடம் மயங்கிவிட்டேன். சாமி தாமி, சோறு தோறு, சித்தி தித்தி. ச எல்லாம் த. அது பெரிய காரியமில்லை, நாக்கை எங்கே வைப்பது என்று காட்டிக்கொடுத்தால் வந்துவிடும். பெரிய காரியம் வேறே. அவளிடம் சொற்கள் இருந்தன, ஆனால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாமல் உதிரியாக இருந்தன. நாய், கடி, ஓடு. யார் யாரைக் கடித்தது, யார் ஓடினது என்று நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்த ஆராய்ச்சி. ஒரு கேள்வி எடு, தெரிந்ததை எழுது, யாரிடம் கேட்கலாம் என்று யோசி, கேட்டுக்கொண்டு வா, என்ன கண்டாய் என்று எழுது, இன்னும் என்ன தெரியவில்லை என்பதையும் எழுது. இத்தனையையும் செய்தால் அதனால், ஆனால், முதலில், பிறகு என்கிற சின்னச் சின்னச் சொற்கள் தாமாகவே தேவைப்படும், தேவைப்படும்போதுதான் வரும். மாரிக்கனிக்கு இதில் நம்பிக்கை கிடையாது. "ஆராய்ச்சியெல்லாம் இவளுக்கு எதுக்கு மிஸ். நாலு வார்த்த கோர்வையாப் பேசுனா போதாதா," என்றாள். சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. எல்லாப் பிள்ளைகளும் ஏதாவது ஒன்றைப் பற்றி வந்தவர்களிடம் சொல்ல வேண்டும். பேச்சியின் வகுப்பு டீச்சர், நல்ல மனுஷிதான், பேச்சி சார்ட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும், பக்கத்துப் பிள்ளை பேசும் என்று முடிவு செய்திருந்தார். அவமானப்படக் கூடாதே என்கிற இரக்கம். அந்த இரக்கம் இருக்கிறதே, அது பிள்ளைகளைச் சத்தமில்லாமல் ஓரத்துக்குத் தள்ளிவிடும். மாரிக்கனி என்ன செய்தாள், பிரௌசிங் சென்டருக்குப் போய் வௌவாலைப் பற்றிக் கலரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், பாலூட்டி இனத்தைச் சேர்ந்த என்று ஆரம்பிக்கிற கட்டுரை. பேச்சி அதை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கமாகத் தள்ளினாள். "இது வேற வௌவால்," என்றாள். மூன்று சொல், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை சந்தோஷத்தில்.

அவளுடைய வௌவால் எதிர்க் கட்டடத்தில் இருக்கிறது. மூடிக்கிடக்கிற ஜவுளிக்கடையின் பெயர்ப் பலகைக்குப் பின்னால் ஒரு சந்து, அதிலிருந்து சாயங்காலம் குட்டிக் குட்டியாய்ப் பறந்து வரும். நான் யானை, மயில், புலி என்று படங்களைப் பரப்பி வைத்து எதைப் பற்றி எழுதலாம் என்று கேட்டபோது அவள் எழுந்து சன்னலுக்குப் போய் "அது," என்றாள். நஸ்ரின் பூனைக்கு ஏன் மீசை என்பதை எடுத்துக்கொண்டாள், அது அவள் வீட்டுப் பூனையின் மேலிருக்கிற பழைய வழக்கு. மேலப்பாளையத்திலிருந்து வருகிறாள் நஸ்ரின், சொல் திக்கும், ஆனால் அவள் அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை, திக்கித் திக்கியே ஊர் வம்பு முழுக்கச் சொல்லி முடித்துவிடுவாள். அவளும் சன்னலுக்குப் போனாள். இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் நஸ்ரின், "மிஸ், அது கீ-கீ-கீச்சுங்குது," என்றாள். பேச்சி தலையை ஆட்டினாள். மாரிக்கனி உள்ளே வந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள், எனக்கு ஒண்ணும் கேக்கலியே என்றாள். அங்கேதான் அந்தக் கேள்வி பிறந்தது. பேச்சியின் முகத்தில் அன்றைக்கு வந்த பாவனையை நான் இத்தனை வருஷத்தில் சில பிள்ளைகளிடம்தான் பார்த்திருக்கிறேன், கால் இடறியதும் குனிந்து என்னவென்று பார்க்கிற பாவனை. அம்மாவுக்குக் கேட்கவில்லை. தனக்குக் கேட்கிறது. அப்படியென்றால் என்ன. அதிலிருந்து போகிற வருகிறவர்களையெல்லாம் சன்னலுக்கு இழுத்து வந்தாள். ஒரு சார்ட்டில் நடுவே கோடு போட்டு, கேட்டது ஒரு பக்கம், கேட்கவில்லை ஒரு பக்கம். டீக்கடைக்காரர் கேட்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் கேட்கவில்லை. நஸ்ரினின் தங்கச்சி கேட்டது. காலேஜில் படிக்கிற சித்தி, கேட்டது. சித்தியால் சிக்கல் வந்தது, பெரியவங்களுக்குக் கேக்காது என்று எழுதி வைத்திருந்ததை அழிக்க வேண்டியதாயிற்று. அழிப்பதற்கு அவள் அழவில்லை. பாதிப் பிள்ளைகள் அழிக்கச் சொன்னால் அழும். இவள் ரப்பரை எடுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, தான் கண்டுபிடித்த உண்மையைத் தானே சுத்தமாக அழித்தாள்.

சொல் கிடைத்துவிட்டது. பேச்சி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். "மிஸ். நீங்க." ஆமாம், நான் பாக்கி. எல்லாரையும் கேட்டாயிற்று, என்னை மட்டும் கேட்கவில்லை. எப்படியாவது மறந்துபோவாள் என்று நினைத்திருந்தேனா. நினைத்திருந்தேன். அவள் என் விரலைப் பிடித்துச் சன்னலுக்கு அழைத்துப் போகிறாள், அவள் கை பென்சில் தூளும் வியர்வையுமாகப் பிசுபிசுக்கிறது. வெளிச்சம் மங்கி வருகிற நேரம். பலகைக்குப் பின்னாலிருந்து ஒன்று, இன்னொன்று, கரித்துண்டு எறிந்த மாதிரி வெளியே வந்து வளைகின்றன. பேச்சி என் முகத்தையே பார்க்கிறாள். நான் கேட்கிறேன். பஸ். ஒரு ஸ்கூட்டர். காய்கறிக்காரர் தார்ப்பாயை உதறுவது. அதற்கு மேலே, கேட்கிற எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு கூரை போட்டு மூடின மாதிரி ஒன்றுமில்லை. அந்தக் கூரை எப்போது வந்தது. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலங்களில் வீட்டுப் பின்னால் சில்வண்டு காதைத் துளைக்கும், இப்போது சத்தத்தையே காணோம், சுற்றிலும் வீடு கட்டிவிட்டார்கள், பாவம் அதுகள் எங்கே போகும் என்று நான் ஒருநாள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி என்னை விநோதமாகப் பார்த்தார். "கத்தித் தள்ளுதே டெய்சி," என்றார். நான் கேட்காத மாதிரி அடுக்களைக்குப் போய்விட்டேன். கேட்காத மாதிரி. அதற்கப்புறம் ஆலயத்தில் பாட்டுப் பாடும்போது பக்கத்தில் நிற்பவர்களின் வாயைப் பார்த்துப் பாட ஆரம்பித்தேன். போனில் யாராவது பேர் சொன்னால் எழுத்துக்கூட்டச் சொல்கிறேன். இந்த அறையில் மின்விசிறியை நிறுத்திவிடுகிறேன், பிள்ளைகளுக்குக் கவனம் சிதறுகிறது என்று காரணம் சொல்லிக்கொண்டு, பிள்ளைகள் வியர்த்து வழிகிறார்கள். எதிர் அறையில் காந்திமதி இருக்கிறாள், காது பரிசோதனை செய்வதுதான் அவள் வேலை, தினமும் மதியம் அவளும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பத்தடி தூரம் இருக்குமா. அந்தப் பத்தடியை நான் நடக்கவில்லை. தள்ளிப் போடாதீங்க, சீக்கிரம் பாத்துட்டா சீக்கிரம் சரி பண்ணலாம் என்று எத்தனை அம்மாக்களிடம் சொல்லியிருப்பேன், எவ்வளவு கண்டிப்பாக, சிலரை அழவைக்கிற அளவுக்குக் கண்டிப்பாக.

"கேக்கல கண்ணு," என்கிறேன். சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது. ஏனென்றால் இதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை, என் வயதில் யாருக்கும் வௌவால் கேட்காது, ஐம்பதைத் தாண்டிய ஒருத்தியின் காதுக்கு அவ்வளவு மெல்லிய சத்தம் எட்டாது, டீக்கடைக்காரரும் கண்ணாடிக் கடைக்காரரும் நானும் ஒரே பக்கத்தில் நிற்கிறோம். நல்ல மறைவு. ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒளிந்துகொள்ளலாம். பேச்சி எந்த வருத்தமும் இல்லாமல் சார்ட்டில் கேட்கவில்லை என்கிற பக்கத்தில் மிஸ் என்று எழுதுகிறாள். சரி, முடிந்தது, இனி எழுத வேண்டியதுதான் பாக்கி என்று மனசு லேசாகிறது. மேசைக்குத் திரும்புகிறோம். "இப்ப என்ன கண்டுபிடிச்சோம்னு எனக்குச் சொல்லு. சொல்லிட்டு எழுதலாம்," என்கிறேன். பேச்சி மூச்சை இழுத்துக்கொள்கிறாள். "வௌவால் தத்தம்," என்கிறாள். தத்தம் என்றுதான் என் காதில் விழுகிறது. "சத்தம்," என்கிறேன் நான், பற்களைக் காட்டி. "தத்தம்," என்கிறாள். "நாக்கு பல்லுக்குப் பின்னால இருக்கணும், வெளிய எட்டிப் பாக்கக் கூடாது. இன்னொரு தடவ." அவள் இன்னொரு தடவை சொல்கிறாள். நான் அவள் வாயைப் பார்க்கிறேன். நாக்கு எட்டிப் பார்க்கவில்லை. பற்கள் சேர்ந்திருக்கின்றன. உதடு விரிந்திருக்கிறது. பார்க்கிறதற்கு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, கேட்கிறதற்குத் தத்தம். பேச்சி என்கிற பேரின் நடுவில் வருகிற ச்ச தடித்த ஒலி, அது எனக்குக் கேட்கிறது, அதை அவள் எப்போதோ பிடித்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். சொல்லின் தொடக்கத்தில் காற்று மாதிரி வருகிற இந்த மெல்லிய ச, இதுதான் மாசக்கணக்காக வர மாட்டேன் என்கிறது. வராமல் இருக்கிறதா. "வீட்ல சாப்பாடுன்னு சரியாச் சொல்லுதாளே மிஸ்," என்று முன்பு ஒருநாள் மாரிக்கனி சொன்னாள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. அம்மாக்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் சிரித்தேன். "இன்னொரு தடவ," என்கிறேன். பேச்சியின் கண் மேசைக்குத் தாழ்கிறது, பிறகு மேசைக்கு அடியில் இருக்கிற இருட்டைப் பார்க்கிறது, போன வருஷம் போய் உட்கார்ந்துகொண்ட அந்த இடத்தை.

நஸ்ரின்தான் பேசுகிறாள். "மிஸ், அவ ச-ச-சத்தம்னுதான் சொன்னா." "இப்பவா, நஸ்ரின்?" "எப்பவுமே மிஸ். பொ-பொங்கலுக்கு முந்தியே சரியாத்தான் சொல்லுதா." பொங்கல் முடிந்து இப்போது வெயில் ஆரம்பித்துவிட்டது. அத்தனை நாளும் இன்னொரு தடவ, இன்னொரு தடவ என்று. சரியாகச் சொன்ன பிள்ளையை. தப்பென்று என் தாளில் பெருக்கல் குறி போட்டுப் போட்டு. "நீ ஏம்ட்டி என்கிட்ட சொல்லல," என்று பேச்சியைக் கேட்கிறேன். அவள் யோசிக்கிறாள். நான் காத்திருக்கிறேன், இந்தமுறை தொழிலுக்காக இல்லை. "மிஸ் தப்புன்னா," என்கிறாள், நிற்கிறாள், "தப்பு." அவ்வளவுதான். தன் வாயில் வந்த சத்தத்தைத் தன் காதாலேயே கேட்டும் என்னை நம்பியிருக்கிறாள். அம்மாவுக்குக் கேட்காத வௌவால் தனக்குக் கேட்கிறது என்று ஊரையே நிறுத்தி விசாரித்தவள், என்னிடம் மட்டும் விசாரிக்கவில்லை. இப்போது ஒன்றும் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு வருகிறது, வெட்கமில்லாமல் வருகிறது. ஆமாம் இப்பதான் சரியா வந்திருக்கு, நல்ல பிள்ளை என்று சொல்லி ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம். அவள் சந்தோஷப்படுவாள். யாருக்கும் தெரியாது. காது கேட்காத டீச்சரா பேச்சு சொல்லித் தருகிறாள் என்று மாடிப்படியில் ஒருத்தரும் பேச மாட்டார்கள். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று எழுத வேண்டும் என்று இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது யார். "இல்ல பேச்சி," என்கிறேன். "நீ சரியாத்தான் சொல்லியிருக்க. தப்பு உன் வாயில இல்ல. எனக்குத்தான் காது சரியாக் கேக்கல." அவள் என்னையும் சார்ட்டையும் பார்க்கிறாள். நெற்றி சுருங்குகிறது. உதடு ஒன்றைத் தொடங்குகிறது, நிறுத்துகிறது, பின்னால் போய் வேறு வழியாக வருகிறது, நான் ஓரெழுத்துக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. "அம்மாவுக்கு வௌவால் கேக்கல. ஆனா... ஆனா அம்மாவுக்கு நான் கேக்கும். மிஸ்ஸுக்கு நானும் கேக்கல." ஆனா. அவள் வாயிலிருந்து தானாக வந்த முதல் ஆனா. படம் காட்டி, அட்டை காட்டி, மழை பெய்யுது ஆனா குடை இல்ல என்று நூறு விதமாகச் சொல்லிக்கொடுத்தும் வராதது. எனக்கு எழுந்து கூத்தாட வேண்டும்போல இருக்கிறது, அதே நேரம் அந்த வாக்கியம் நெஞ்சில் இறங்கிக்கொண்டிருக்கிறது, இரண்டும் ஒரே கண்ணீரில் வருகிறதால் எது எதற்கென்று பிரிக்க முடியவில்லை. "மிஸ் அழுறாங்க," என்கிறாள் நஸ்ரின், திக்காமல். பேச்சி சுவரைக் காட்டுகிறாள். அங்கே நான்தான் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன், யாரிடம் கேட்கலாம் என்று. "காந்தி அக்கா," என்கிறாள்.

அந்தப் பத்தடியை இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறார்கள். காந்திமதி ஹேண்ட்பேக்கைத் தோளில் மாட்டிக் கிளம்பத் தயாராக நிற்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் நஸ்ரின் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறாள். காந்திமதி என்னைப் பார்க்கிறாள், பையைக் கழற்றி வைக்கிறாள். "உள்ள உக்காருங்கக்கா," என்கிறாள், அவ்வளவுதான், எவ்வளவு நாளாக என்று கேட்கவில்லை, என் காது மந்தமாகி வருவதை அவளும் கவனித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிகிறது. கண்ணாடி வைத்த அந்தச் சின்ன அறைக்குள் எத்தனையோ பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தனியாக உட்கார்ந்ததில்லை. கதவைச் சாத்தினதும் உலகத்தைப் பஞ்சில் சுருட்டி வைத்த மாதிரி ஆகிறது. காதில் மாட்டுகிற கருவி தலையை இறுக்குகிறது, கையில் பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். முதலில் தடித்த சத்தங்கள், கோவில் மணி தூரத்தில் அடிக்கிற மாதிரி, அமுக்குகிறேன், அமுக்குகிறேன், ஒன்றும் ஆகவில்லை பார் என்று ஒரு அற்ப சந்தோஷம். பிறகு மெலிகிறது. மெலிந்து மெலிந்து, வருகிறதா இல்லை வருவதாக நான் நினைக்கிறேனா என்று தெரியாத ஓர் இடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காந்திமதிக்குப் பக்கத்தில் பேச்சி நிற்கிறாள், மூக்கைக் கண்ணாடியில் அப்பிக்கொண்டு. காந்திமதி சத்தத்தை விடும்போது இயந்திரத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும், அதைப் பேச்சி கண்டுபிடித்துவிட்டாள். விளக்கு எரியும்போதெல்லாம் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குகிறாள். இப்ப மிஸ், இப்ப. எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை, ஆனால் அவள் முகத்தில் அது வந்துவிட்டது தெரிகிறது. அமுக்கினால் போதும். நான் தேறிவிட வேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்படுகிறாள். பல வருஷமாக நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆசைப்பட்டதும் இப்படித்தான், சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் துடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் பூட்டி வைத்துக்கொண்டு. அவளுக்குப் பூட்டத் தெரியவில்லை. பாசத்தை அப்படியே கண்ணாடியில் ஒட்டிவிட்டாள். என் கட்டைவிரல் பொத்தான்மேல் இருக்கிறது. அவளைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டு, எழுந்து, நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். அதற்குப் பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. சுவரில் ஒட்டின நுரைப் பஞ்சின் மேடு பள்ளங்களைப் பார்த்துக்கொண்டு, அமுக்காத பொத்தானோடு உட்கார்ந்திருக்கிறேன். பயந்த அளவுக்கு அது பயங்கரமாக இல்லை. ஒன்றுமில்லாததை ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவதில் ஒரு இளைப்பாறல் இருக்கிறது.

பரிசோதனைத் தாளில் காந்திமதி வரைந்த கோடு ஒரு இடம்வரை சமதளமாகப் போய் அங்கிருந்து படிக்கட்டாக இறங்கியது. ச, ஸ, ஷ எல்லாம் அந்த இறக்கத்தில்தான் இருக்கின்றன என்று அவள் எனக்கு விளக்க ஆரம்பித்து, யாருக்கு விளக்குகிறோம் என்று உறைத்து நிறுத்திக்கொண்டாள். "மெஷின் வச்சா கேக்கும்க்கா. நாளைக்கே பாத்துரலாம். அதுவரைக்கும் பேச்சிக்கு ச சரியா வருதான்னு நான் கேட்டுச் சொல்லுதேன்," என்றாள். நான் தலையை ஆட்டினேன். நாங்கள் எங்கள் அறைக்குத் திரும்பி வரும்போது மாரிக்கனி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், தையல் கடையிலிருந்து நேராக வந்தவள், சேலையெல்லாம் நூல். அவளிடம் சொல்ல வேண்டியதை நின்றுகொண்டே சொன்னேன், வீட்டில் நீ கேட்டதுதான் சரி, உன் பிள்ளை எப்போதோ சரியாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள், குறை என் காதில் என்று. வேறு டீச்சரிடம் மாற்ற வேண்டுமென்றால் மாற்றிக்கொள் என்றும் சொன்னேன். "எங்க வீட்டுக்காரவுகளுக்கும் மில்லுல இருந்து இருந்து காது போச்சு மிஸ்," என்றாள். "அவிய கேக்குன்னே சாதிப்பாவ. நாங்க கத்திக் கத்தித் தொண்ட வத்திப்போகும்." பிறகு சேலையிலிருந்து ஒரு நூலைப் பிடுங்கிக்கொண்டே, "அவ கண்டுபிடிச்சத வாசிச்சுக் காட்டுதேன்னா. முடிஞ்சுட்டா?" என்றாள். மாற்றுவதைப் பற்றி அவள் பேசவேயில்லை.

முடியவில்லை. அப்போதுதான் எழுதினாள். மேசையின் ஒரு பக்கம் நஸ்ரின் எழுத்துக்கூட்டிக் கொடுக்க, மறு பக்கம் மாரிக்கனி வாயில் விரலை வைத்துக்கொண்டு பார்த்திருக்க, பேச்சி நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினாள், வரி கீழே சரிந்துகொண்டே போனது, நான் நேராக்கவில்லை. பிறகு எழுந்து நின்று, தாளை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வாசித்தாள். "வௌவால் சத்தம் சின்னப் பிள்ளைகளுக்குக் கேட்கும். சித்திக்கும் கேட்கும். ஆனால் அம்மாவுக்குக் கேட்காது. டீக்கடை மாமாவுக்குக் கேட்காது. டெய்சி மிஸ்ஸுக்குக் கேட்காது. டெய்சி மிஸ்ஸுக்கு வேற சத்தமும் கேட்காது, அதனால் மெஷின் வைப்பாங்க." சத்தம், சின்ன, சித்தி என்பதெல்லாம் எனக்கு எப்படிக் கேட்டன என்பது இனிமேல் முக்கியமில்லை, நான் நஸ்ரினைப் பார்த்தேன், நஸ்ரின் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். என் பேரும் என் குறையும் சனிக்கிழமை கண்காட்சியில் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியப் போகிறது. அதை எடுத்துவிடச் சொல்லலாமா என்று மாரிக்கனி என்னைக் கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் கேட்டுக் கண்டுபிடித்தது, அவளுடையது. கடைசித் தலைப்பு பாக்கியிருந்தது, இன்னும் தெரியாதது. அதன் கீழே எல்லாப் பிள்ளைகளும் எதையாவது எழுதி முடித்துவிடுவார்கள், வௌவால் என்ன சாப்பிடும், எங்கே தூங்கும் என்று. பேச்சி தாளை இறக்கிவிட்டு, எழுதாததைச் சொன்னாள். "நாம பேசுறது வௌவாலுக்குக் கேக்குமா?"

யாருக்கும் தெரியவில்லை. மாரிக்கனிக்குத் தெரியவில்லை, காந்திமதி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், அவளும் உதட்டைப் பிதுக்கினாள். "அதுக்குக் கேட்டு என்னட்டி ஆவப்போவுது," என்றாள் மாரிக்கனி, மகளின் பையை எடுத்துக்கொண்டு. பேச்சி அதற்குள் சன்னலுக்குப் போய்விட்டாள். கம்பிகளுக்கு நடுவே வாயை வைத்துக்கொண்டு, தெருவிளக்கைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தவற்றைப் பார்த்து நீளமாக என்னவோ பேசினாள், கையைக்கூட ஆட்டிப் பேசினாள், அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் பார்த்ததில்லை. சரியாக அந்த நேரம் கீழே ஒரு பஸ் வந்து நின்றது. நஸ்ரினின் காது அவள் பக்கத்தில்தான் இருந்தது, என்ன சொன்னாள் என்று கேட்டால் ஒரு சொல் விடாமல் ஒப்பித்திருப்பாள். நான் கேட்கவில்லை. அது எனக்குச் சொன்னதில்லையே.